உஷார்! வலிக்காமலே பறிபோகும் பார்வை

கண்ணில் தூசி விழுந்தால் துடித்துப் போகிறோம். கண் சிவந்தால் மறுநாளே டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால் கண்ணுக்குள்ளே விழித்திரை கிழிந்து, பின்சுவரை விட்டுக் கழன்று வரும்போது துளி வலிகூட இருக்காது. கண் சிவக்காது, உறுத்தாது, நீர் வடியாது. கண்ணாடி முன் நின்று பார்த்தாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் காத்திருக்கிறார்கள். "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்", "தீபாவளி முடியட்டும்", "பையன் லீவுக்கு வரட்டும், கூட்டிட்டுப் போவான்." அந்தச் சில நாள் காத்திருப்பில் எத்தனையோ பேருக்கு ஒரு கண் நிரந்தரமாகப் போயிருக்கிறது.

விழித்திரை விலகல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். "ரெட்டினா பிரிஞ்சிடுச்சு", "கண் நரம்பு கழண்டுடுச்சு" என்று ஊரில் சொல்வார்கள்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? பல நாடுகளில் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு. கேட்டவுடன் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதி வேண்டாம். ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் அது சுமார் 300 பேரில் ஒருவர் என்று ஆகிறது. ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவர். ஏழு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் தமிழ்நாட்டுக்கு அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு ஏழாயிரம் பேருக்கு மேல். நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது பேர்.

அதைவிட முக்கியம், இந்தச் சராசரி எல்லோருக்கும் பொருந்துவதில்லை. கண்ணில் ஒரு குறையும் இல்லாத முப்பது வயதுக்காரருக்கு ஆபத்து மிகக் குறைவு. வேறு சிலருக்கு அது பல மடங்கு. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

கண்ணுக்குள் நடப்பது இதுதான். ஒளியைப் பிடித்து மூளைக்கு அனுப்பும் விழித்திரை, அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத படலம். கண்ணின் நடுவே தெளிந்த ஜெல் நிறைந்திருக்கிறது. இளமையில் அது கெட்டியாக, விழித்திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஐம்பதைத் தாண்டும்போது நீர்த்துச் சுருங்கி, விழித்திரையை விட்டு மெல்லப் பிரியும். வயதானால் பெரும்பாலோருக்கு இது நடக்கும். சேதம் எதுவும் இல்லாமல் முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் ஏதோ ஓர் இடத்தில் ஜெல் பிடியை விடாமல் இழுக்கும். இழுத்த இடத்தில் விழித்திரை கிழியும். கிழிசல் வழியாக நீர் பின்னால் புகும். ஈரம் ஏறிய சுவரிலிருந்து ஒட்டிய காகிதம் உரிந்து வருவதுபோல விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக உரியத் தொடங்கும்.

ஒளியை உணரும் செல்களுக்குப் பிராணவாயு பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து வருகிறது. உரிந்த பகுதிக்கு அது கிடைக்காது. செல்கள் பட்டினி கிடந்து சாகும். உரிதல் ஓரத்தோடு நிற்கும்வரை படிப்பதற்கும் ஆள் அடையாளம் காண்பதற்கும் சிரமம் இருக்காது. மாகுலா என்கிற நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால் கதை மாறிவிடும். மாகுலா பிரிவதற்கு முன் ஆபரேஷன் செய்தவருக்குப் பழைய பார்வை பெரும்பாலும் அப்படியே நிலைக்கிறது. பிரிந்த பின் வந்தவருக்கு, ஆபரேஷன் நன்றாக நடந்தாலும் எழுத்துகள் கோணலாகவோ மங்கலாகவோ தெரிவதுண்டு. நாள் கூடக் கூடத் திரும்பக் கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

இப்போது யாருக்கு ஆபத்து என்பதற்கு வருவோம். முதலில், மைனஸ் பவர் கண்ணாடி போட்டவர்கள்.

கிட்டப்பார்வை உள்ளவரின் கண்ணுருண்டை இயல்பைவிட நீளமானது. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு, ஓரங்களில் மெலிந்து கிடக்கும். ஜெல்லும் சீக்கிரமே நீர்த்துவிடும். 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, மைனஸ் 1 முதல் 3 வரை பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் வாய்ப்பு நான்கு மடங்கு என்றும், மைனஸ் 3-ஐத் தாண்டியவர்களுக்குப் பத்து மடங்கு என்றும் கண்டது. அடிபடாமல் தானாக விலகும் கண்களில் பாதிக்கு மேல் கிட்டப்பார்வைக் கண்கள்தான். மற்றவர்களுக்கு அறுபது வயதை ஒட்டி வருவது, இவர்களுக்கு இருபதிலும் முப்பதிலும் வந்துவிடலாம். கல்லூரி மாணவர், கணினி முன் உட்கார்ந்திருக்கும் இளைஞர், கைக்குழந்தைக்காரி என்று யாராகவும் இருக்கலாம். 2050-க்குள் உலக மக்களில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும் என்று 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணித்திருக்கிறது. நம் வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகள் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இன்று பத்து வயதில் மைனஸ் 4 போட்டிருக்கும் பிள்ளையின் நாற்பது வயதைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டியிருக்கிறது.

இதில் கட்டாயம் சொல்லியாக வேண்டியது லேசிக். கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று லேசிக் செய்துகொள்கிறார்கள். கண்ணாடி போய்விடுகிறது, கூடவே ஆபத்தும் போய்விட்டதென்று நினைத்துவிடுகிறார்கள். லேசிக் மாற்றுவது கண்ணின் முன்பக்கக் கருவிழியின் வளைவை மட்டும்தான். கண்ணின் நீளமும் பின்னால் மெலிந்து கிடக்கும் விழித்திரையும் அப்படியேதான் இருக்கின்றன. மைனஸ் 8-ஆக இருந்து லேசிக் செய்துகொண்டவர், இந்த விஷயத்தில் இன்றும் மைனஸ் 8-தான். ஐந்தாறு வருடம் கழித்து வேறு டாக்டரிடம் போகும்போது, "எனக்குக் கண்ணாடியே கிடையாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய பவரையும் சொல்லுங்கள்.

அடுத்து கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள். கண்புரைக்கு ஆபரேஷன்தான் ஒரே வழி. அதைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் லென்ஸை மாற்றும்போது உள்ளே இருக்கும் ஜெல்லின் நிலை மாறுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு, இருநூறு பேரில் ஒருவருக்கு விழித்திரை விலகலாம். ஆண்கள், அறுபதுக்கு முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அதிக மைனஸ் பவர் இருந்தவர்கள், ஆபரேஷனின்போது லென்ஸின் பின்பை கிழிந்துபோனவர்கள் ஆகியோருக்கு இது இன்னும் கூடுதல். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பார்வை மங்கினால், வீட்டில் எல்லோரும் சொல்வது "மறுபடி புரை வந்திருக்கும்". அப்படி முடிவுகட்டி மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். மங்குவது எதனால் என்று கண்ணுக்குள் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஏற்கெனவே ஒரு கண்ணில் விழித்திரை விலகியவர்களுக்கு மறு கண்ணிலும் வருவது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு. பிரிட்டன் பிரதமராக இருந்த கார்டன் பிரவுனின் கதை இதற்குப் பொருத்தமானது. பதினாறு வயதில் ரக்பி விளையாட்டில் தலையில் உதைபட்டு அவருடைய விழித்திரை விலகியது. பல ஆபரேஷன்கள் செய்தும் இடது கண் போய்விட்டது. சில ஆண்டுகள் கழித்து டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது வலது கண்ணிலும் அதே அறிகுறிகள் தெரிந்தன. முதல் அனுபவத்தால் அவருக்கு அது என்னவென்று புரிந்தது. எடின்பரோவில் உடனே ஆபரேஷன் செய்து வலது கண்ணைக் காப்பாற்றினார்கள். அறிகுறியை அடையாளம் தெரிந்திருந்ததுதான் அவருக்குப் பார்வையை மிச்சம் வைத்தது.

அடிபட்ட கண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் பந்து, இறகுப்பந்து, கிட்டிப்புள், பட்டாசு, கைகலப்பு எதுவாக இருந்தாலும், அன்றைக்கு வீக்கம் வடிந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. அடி விழுந்து வாரங்கள், மாதங்கள் கழித்தும் விழித்திரை விலகலாம். திட்டுவார்களோ என்று பிள்ளைகள் அடிபட்டதைச் சொல்வதே இல்லை. குடும்பத்தில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது விழித்திரை விலகியிருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கூடும். விழித்திரை ஓரம் வலைப்பின்னல்போல மெலிந்திருக்கிறது, 'லாட்டிஸ்' இருக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தால் பதற வேண்டாம். நூறு பேரில் ஆறு முதல் எட்டுப் பேருக்கு அது இருக்கிறது, பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் விலகும் கண்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த வகைதான் என்பதால் ஆண்டுதோறும் காட்டிக்கொண்டே இருங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வருவது வேறு வகை. கிழிசல் இல்லாமலே, புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களும் தழும்புகளும் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். இது மெதுவாக, முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கும். பார்வை நன்றாகத் தெரிகிறதே என்பது சர்க்கரைக்காரர்களுக்கு ஆறுதலே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவர்களுக்குக் கட்டாயம்.

இன்னொன்றும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வேண்டாம், சொட்டு மருந்தே போதும் என்ற விளம்பரம் 2024-இல் நம் நாட்டில் பெரிதாக அடிபட்டது. மிகையாக விளம்பரம் செய்ததற்காக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அந்த மருந்தின் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். அந்த வகை மருந்தில் இருப்பது பைலோகார்பின். அதைப் போட்டவர்களில் அரிதாகச் சிலருக்கு விழித்திரை விலகியதாகப் பதிவுகள் இருக்கின்றன. மைனஸ் பவர் உள்ளவர்கள் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளாமல் அதை வாங்கிப் போடக் கூடாது.

சரி, அறிகுறி எப்படி இருக்கும்? வந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். "கண்ணு ஓரத்துல மின்னல் வெட்டுது, ராத்திரி லைட்டை அணைச்சா நல்லாத் தெரியுது." "திடீர்னு கொசுக் கூட்டமா கறுப்பாப் பறக்குது." "மை கொட்டுன மாதிரி இருக்கு." "ஒட்டடை தொங்குது, துடைச்சாலும் போகல." கடைசியாக, "ஒரு பக்கம் திரை போட்டுட்டே வருது."

பல வருடமாக ஒன்றிரண்டு பூச்சி பறப்பது பெரும்பாலும் பயப்பட வேண்டியதல்ல. புதிதாக, திடீரென, நிறையப் பறந்தால் அது அவசரம். இப்படி மின்னலும் பூச்சியும் புதிதாக வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அந்த நேரமே விழித்திரையில் கிழிசல் இருக்கிறது. கிழிசலோடு வந்தால் லேசர் போட்டுச் சுற்றிலும் ஒட்டிவிடலாம். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். திரை விழுந்த பின் வந்தால் ஆபரேஷன்தான். இந்த இரண்டுக்கும் இடையில் சிலருக்குச் சில நாட்களே இருக்கும், சிலருக்குச் சில மணி நேரம்தான்.

திரை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், கீழேயிருந்து நிழல் எழுந்தால் விழித்திரையின் மேல்பகுதி பிரிகிறது என்று பொருள். மேலே பிரிந்தது நீரின் கனத்தால் வேகமாகக் கீழே இறங்கி மாகுலாவை மூடும். கீழிருந்து நிழல் ஏறினால் அன்றைக்கே கிளம்புங்கள். இரவானாலும், ஞாயிறானாலும்.

ஒற்றைத் தலைவலிக்கு முன்னும் மின்னல் தெரிவதுண்டு. அது பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் கோணல்மாணலான ஒளிக்கோடாக வந்து, அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒரு கண்ணில் மட்டும், கண்ணை அசைக்கும்போதெல்லாம் ஓரத்தில் வெட்டும் மின்னலை ஒற்றைத் தலைவலி என்றோ, பிபி என்றோ, பித்தம் என்றோ நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். அதனால் பலருக்கு ஒரு கண் போனதே தெரிவதில்லை. தற்செயலாக ஒரு கண்ணைக் கசக்கும்போதுதான் அதிர்ந்து போகிறார்கள். ஆபத்துப் பட்டியலில் இருப்பவர்கள் வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு கண்ணாக மூடி, எதிர்ச் சுவரின் காலண்டரைப் பாருங்கள். நாலு மூலையும் தெரிகிறதா, கட்டங்கள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எங்கே போவது என்பதில்தான் பாதி நேரம் வீணாகிறது. கண்ணாடிக் கடையில் பவர் சோதிப்பதால் இது தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கினால் நாள்தான் போகும். சொட்டு மருந்து போட்டுக் கண்பாப்பாவை விரியவைத்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு ஓரம்வரை தேடினால்தான் கிழிசல் கண்ணில் படும். எல்லாக் கண் ஆஸ்பத்திரியிலும் விழித்திரை ஆபரேஷன் செய்யும் டாக்டர் இருக்க மாட்டார். கிளம்புமுன் போன் செய்து, "ரெட்டினா டாக்டர் இன்னைக்கு இருக்காரா? திடீர்னு திரை விழுந்த மாதிரி இருக்கு" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வரவேற்பில் "பார்வை மங்கல்" என்று மட்டும் சொன்னால் டோக்கன் வரிசையில் உட்காரவைத்து விடுவார்கள். சென்னை எழும்பூரில் 1819-இலிருந்து அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் அரவிந்த், சென்னையில் சங்கர நேத்ராலயா என்று விழித்திரைக்குப் பேர்போன இடங்கள் நம்மிடமே இருக்கின்றன. சொட்டு மருந்து போட்ட பிறகு சில மணி நேரம் மங்கலாகவே தெரியும். பைக்கில் தனியாகப் போகாமல் துணையோடு போங்கள். கிழிசல் இல்லை என்று சொல்லி அனுப்பினாலும், சில வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள். அதைத் தவறவிடாதீர்கள், முதல் நாள் இல்லாத கிழிசல் பிறகு விழுவதுண்டு.

நூறு வருடத்துக்கு முன்புவரை விழித்திரை விலகினால் அந்தக் கண் அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர டாக்டர் ஜூல் கொனான்தான், விலகலுக்குக் காரணம் கிழிசல், அதை அடைத்தால் பார்வை திரும்பும் என்று 1920-களில் செய்தே காட்டியவர். இன்று பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒரே ஆபரேஷனில் விழித்திரை ஒட்டிவிடுகிறது. அப்படியிருந்தும் தாமதத்தால் கண் போவதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகும் உஷாராக இருக்க வேண்டியது உண்டு. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், டாக்டர் சொன்ன நாட்கள்வரை, அவர் சொன்ன நிலையிலேயே தலையை வைத்திருக்க வேண்டும். விமானம் ஏறக் கூடாது. ஊட்டி, கொடைக்கானலுக்கும் போகக் கூடாது. உயரம் ஏற ஏற வாயு விரிந்து, கண்ணுக்குள் அழுத்தம் கூடி, மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடலாம். வாயுவின் வகையைப் பொறுத்து இது இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை. சிலிகான் எண்ணெய் நிரப்பியவர்கள், டாக்டர் சொன்ன மாதத்தில் அதை எடுக்கத் திரும்பி வர வேண்டும். பார்வை வந்துவிட்டதே என்று வராமல் இருப்பவர்களுக்கு, அந்த எண்ணெயாலேயே கண் அழுத்தம் ஏறிக் கண் கெடுவதுண்டு.

மின்னல் வெட்டுகிறது, திரை விழுகிறது என்று வாய் திறந்து சொல்ல முடியாத ஒருவருக்கும் விழித்திரை விலகும். அது குறைமாதத்தில் பிறந்த குழந்தை. விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முழுதாக வளருமுன் பிறந்துவிடுவதால், பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைப் பிய்த்துவிடலாம். 1996-இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்லி யாரும் பெற்றோரிடம் சொல்லவில்லை. குழந்தை பார்வை இழந்தது. தகப்பனார் உச்ச நீதிமன்றம்வரை போராடினார்; 2015-இல் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்வையை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்பே பிறந்திருந்தாலோ, 1,200 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ இரண்டு மூன்று வாரத்துக்குள். தாய் பிள்ளைப்பேறு முடிந்து வீட்டில் படுத்திருப்பாள், குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள்; இந்த ஒரு பயணத்துக்கு அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தடுப்பூசித் தேதிக்குப் பக்கத்தில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வார்டைவிட்டுக் கிளம்புமுன் கேட்டு எழுதி வாங்குங்கள்.